லவீனியாவின் ஒரே சொத்து

1838 டிசம்பர் 20. சாத்ராக், ஆண், வயது 33. விலை 650 டாலர்.
1839 பிப்ரவரி 4. மேற்படி ஆளுக்கு வரி. 30 சென்ட்.
1856 மே 9. பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. 2 டாலர்.
1856 ஜூன் 3. பிலடெல்பியாவிலிருந்து திரும்பி வந்தது. 2 டாலர்.
1860 மார்ச் 12. மேற்படி ஆளுக்கு வரி. 1 டாலர் 20 சென்ட்.
1861 பிப்ரவரி 12. பைன் மரச் சவப்பெட்டி. 4 டாலர் 50 சென்ட்.
1861 ஜூன் 20. சாத்ராக், ஆண், வயது 56. மதிப்பு 100 டாலர்.

முதல் வரியிலும் கடைசி வரியிலும் வரும் ஆள் ஒருவன்தான். அவனை விலைக்கு வாங்கியவளும் வருடா வருடம் அவனுக்கு வரி கட்டியவளும் அவன் மனைவி லவீனியா மேக்லின். சவப்பெட்டி அவளுக்கு. அதற்குப் பணம் கொடுத்தவன் சாத்ராக். ஆனால் வர்ஜீனியா மாநிலச் சட்டப்படி அவனிடம் பணம் என்று ஒன்று இருக்க முடியாது. அவனிடம் இருப்பதெல்லாம் அவன் உரிமைக்காரியுடையது. ஆகவே அந்த நான்கரை டாலரை இறந்தவளே கொடுத்ததாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அப்போது திரும்பிய பக்கமெல்லாம் புகையிலைத் தொழிற்சாலை. சாத்ராக், கார்வெல் என்பவரின் தொழிற்சாலையில் புகையிலையை அழுத்தும் திருகு இயந்திரத்தைச் சுற்றுபவன். பிறந்ததிலிருந்தே கார்வெல்லின் ஆள். நாளுக்கு இவ்வளவு எடை என்று ஒரு அளவு உண்டு; அதற்கு மேல் அழுத்தினால் அடிமைக்கும் கையில் காசு கொடுப்பது அந்த ஊர்த் தொழிற்சாலைகளின் வழக்கம். சாத்ராக் அந்தக் காசில் ஒரு சென்ட்கூடக் குடித்ததில்லை. பாலத்துக்குப் பக்கத்துச் சந்தையில் இஞ்சி கேக் விற்ற லவீனியாவிடம் கொடுத்து வைத்தான். அவள் சுதந்திரமாகப் பிறந்தவள். 1829இல் தேவாலயத்தில் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. சட்டத்துக்கு அது தெரியாது; அடிமையின் கல்யாணத்தை அது கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. மூன்று வருடம் கழித்து பெர்சிஸ் பிறந்தாள். தாய் சுதந்திரமானவள் என்பதால் மகளும் சுதந்திரமானவள். அந்த வீட்டில் சாத்ராக் ஒருவன்தான் அடிமை.

1838இல் கார்வெல் இறந்தார். மகன்கள் ஆட்களைத் தெற்கே பருத்தி வயலுக்கு விற்றுப் பங்கு பிரித்துக்கொள்ள முடிவு செய்தார்கள். அடிமை வியாபாரி வந்து பல்லைப் பார்ப்பதற்கு முன் லவீனியா 650 டாலரோடு போய் நின்றாள். அதில் 300 டாலர் சாத்ராக் திருகு சுற்றிச் சேர்த்தது. தன்னில் கிட்டத்தட்டப் பாதியை அவனே வாங்கி மனைவிக்குக் கொடுத்தான் என்று சொல்லலாம். பத்திரத்தில் அப்படி இல்லை.

மறுநாளே இருவரும் விடுதலைப் பத்திரம் எழுதக் கோர்ட்டு எழுத்தர் டாப்னியிடம் போனார்கள். டாப்னி அப்போது இளைஞர், வெள்ளைக்காரர், யாரிடமும் கத்திப் பேசாதவர்.

"எழுதலாம் லவீனியா. ஆனா எழுதின நாள்லேருந்து பன்னிரண்டு மாசம்தான். அதுக்குள்ள அவன் மாநிலத்தை விட்டே போயிடணும். போகலைன்னா பிடிச்சு வித்துடுவாங்க."

"எழுதலைன்னா துரை?"

"எழுதலைன்னா உன் ஆளு. சாகற வரைக்கும் இங்கயே இருக்கலாம். ஒருத்தரும் கேக்க முடியாது."

திரும்பும் வழியில் பாலம் வரைக்கும் சாத்ராக் முன்னால் நடந்தான். பாலத்தில் நின்றான்.

"அப்ப எனக்கு விடுதலை கெடைச்சா உன்கூட இருக்க முடியாது. உன்கூட இருக்கணும்னா உனக்கு அடிமையா இருக்கணும்."

"ஒரு வருஷம் பொறுத்துக்கய்யா. சட்டத்தை மாத்துவாங்க."

மாற்றத்தான் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் எதிர்ப்பக்கமாக மாற்றினார்கள்.

அடிமை ஒருவன் ஊர் எல்லையைத் தாண்டினால் உரிமைக்காரர் கையெழுத்திட்ட சீட்டு வைத்திருக்க வேண்டும். 'என் ஆள் சாத்ராக் ஆற்றின் கீழ்ப்புறம் சென்று ஞாயிறு மாலைக்குள் திரும்ப அனுமதி. லவீனியா மேக்லின்.' இப்படி எழுதித் தரத் தெரிந்த அளவுக்கு லவீனியாவுக்கு எழுத்து உண்டு. சாத்ராக்குக்குக் கிடையாது. ஆனால் வேத வசனங்கள் மனப்பாடம். அதனால் தேவாலயத்தில் போதகருக்குத் துணை நிற்கும் டீக்கன் ஆனான். மனைவிமார் அடங்கி நடக்க வேண்டும் என்பது அவனுக்குப் பிடித்த பிரசங்கம். வருடத்துக்கு நான்கு முறையாவது அது வரும். முடிந்ததும் முடிதிருத்தும் சைலஸ் வாசலில் காத்திருப்பான்.

"டீக்கன் அண்ணே, இன்னைக்கு அருமையாச் சொன்னீங்க. இதைச் சொல்றதுக்கு அக்காகிட்டச் சீட்டு வாங்கியாச்சா?"

"போடா. உன் பொண்டாட்டி உன்னை விலை குடுத்து வாங்குவாளா, கேட்டுப் பாரு. முப்பது சென்ட் வரிக்குக்கூடத் தேற மாட்டே."

வீட்டில் இது ஒரு விளையாட்டாகவே இருந்தது. செருப்பு அறுந்தால் சாத்ராக் அதைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வருவான். "எஜமானியம்மா, ஆளுக்கு வருஷம் ஒரு ஜோடி செருப்பு குடுக்கணும்னு வழக்கம்." அவள் மாவுக் கையோடு திரும்பி, "ஆளு பொழுது விடியறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கணும்னும் வழக்கம்" என்பாள்.

1843 வசந்தத்தில் விளையாட்டு நின்றது. புகைபோக்கியில் வெடிப்பு. பூசச் சொல்லி இரண்டு வாரம் ஆகியும் சாத்ராக் பூசவில்லை. சனிக்கிழமை கெளுத்தி பிடிக்கப் போகச் சீட்டுக் கேட்டான். "பூசிட்டு வா, எழுதித் தர்றேன்" என்றாள். அவன் சீட்டு இல்லாமலே போனான். ரோந்துக்காரர்கள் பிடித்துக் கொட்டடியில் அடைத்து, காலையில் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தார்கள்.

"இது உன் ஆளா லவீனியா?"

"என் ஆளுதான் ஐயா."

"சீட்டு இல்லாம ஆத்தங்கரையில நின்னான்."

"நான்தான் குடுக்கலை. புகைபோக்கியைப் பூசுன்னா பூச மாட்டானாம். மீன் பிடிக்கப் போறானாம், மீன்!"

ரோந்துக்காரர்கள் சிரித்தார்கள். லவீனியாவும் சிரித்தாள். கை கட்டப்பட்டிருந்த சாத்ராக்குக்கும் சிரிப்பு வந்தது. தலைவன் தோளில் தொங்கிய தோல் வாரை எடுத்துக்கொண்டே, அதே கலகலப்பான குரலில் கேட்டான்.

"சரி, உரிமைக்காரி நீ. எத்தனைன்னு நீயே சொல்லு. பத்து போதுமா, பதினஞ்சா?"

லவீனியாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றுபோனதை சாத்ராக் பார்த்தான். அவனை அடிக்கவும் அடிக்காமல் விடவும் அவளுக்கு உரிமை உண்டு என்பது அதுவரை இருவருக்குமே மனதில் தைக்கவில்லை. வேண்டாம் என்று கெஞ்சினால் ரோந்துக்காரன் கேட்க மாட்டான். கெஞ்சுகிறவள் மனைவி, மனைவிக்கு அங்கே இடமில்லை. அவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"அடிச்சா ஒரு வாரம் வேலை கெடும் ஐயா. வரி கட்டறவ நானு. நட்டம் எனக்குத்தான்."

"அதுவும் சரிதான்" என்று அவன் வாரைச் சுருட்டினான். சொத்துக்காரர்களின் பேச்சு அவனுக்குப் புரிந்தது.

அன்று பகலிலேயே சாத்ராக் புகைபோக்கியைப் பூசினான். லவீனியா மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். தேதி போடாமல், இடம் போடாமல், 'என் ஆள் சாத்ராக் சென்று திரும்ப அனுமதி' என்று மட்டும், இருந்த தாள் தீரும் வரை எழுதி ஒரு தகர டப்பாவில் போட்டு அவன் பக்கம் தள்ளினாள். அதன் பிறகு அவன் அவளிடம் சீட்டுக் கேட்டதும் இல்லை, அவள் மறுத்ததும் இல்லை. மனைவிமார் பற்றிய பிரசங்கமும் அந்த வருடம் வரவில்லை.

1850 ஜூனில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒருவர் வந்தார். வியர்த்து வழிந்துகொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தார்.

"வீட்டுத் தலைவர் யாரு?"

லவீனியா கணவனைக் காட்டினாள்.

"இவன் யாரோட ஆளு?"

"என்னோட ஆளு ஐயா."

"அப்புறம் எப்படித் தலைவனா இருப்பான்? உன் பேரைச் சொல்லு. கல்யாணம் ஆச்சா?"

"ஆச்சு."

"யாரோட?"

மறுபடி காட்டினாள்.

"அது கல்யாணமில்ல."

"அப்ப ஆகலை."

"பிள்ளைங்க?"

"ஒரு பொண்ணு." அவர் நிமிர்ந்து பார்த்தார். "கல்யாணம் ஆகலைன்னு நீங்கதானே ஐயா சொன்னீங்க" என்றாள்.

அவர் வேறொரு தாளை எடுத்தார். அது அடிமைகளுக்கான தாள். அதில் உரிமைக்காரர் பெயருக்கு இடம் உண்டு, அடிமையின் பெயருக்கு இல்லை.

"எத்தனை பேரு?"

"ஒண்ணு."

"வயசு?"

"நாப்பத்தஞ்சு" என்றான் சாத்ராக்.

"உன்னைக் கேக்கலை."

"நாப்பத்தஞ்சு" என்றாள் லவீனியா.

"எப்பவாவது ஓடிப்போயிருக்கானா?"

"மீன் பிடிக்க ஒரு தடவை."

அமெரிக்க அரசாங்கத்தின் கணக்கில் லவீனியா மேக்லின், கறுப்பினப் பெண், மணமாகாதவள், அடிமை உரிமையாளர் என்று பதிவானது இப்படித்தான்.

1853இல் பெர்சிஸ் ஒரு தையல்காரனை மணந்து பிலடெல்பியாவுக்குப் போனாள். அடிமை இல்லாத வட மாநிலத்துக்குப் போய்விட்ட கறுப்பர் வர்ஜீனியாவுக்குத் திரும்பக் கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. போகிறவளுக்கும் தெரியும், அனுப்புகிறவர்களுக்கும் தெரியும். பெர்சிஸ் அங்கே அடிமை ஒழிப்புச் சங்கம் ஒன்றில் சேர்ந்தாள். அடிமைகள் உழைப்பில் விளைந்த எதையும் தொடுவதில்லை, அடிமை வைத்திருப்பவர் எவரோடும் ஒட்டுறவு கொள்வதில்லை என்று அதன் உறுப்பினர்கள் சத்தியம் செய்தவர்கள். லவீனியா ஒரு படகுக்காரர் மூலம் இஞ்சி கேக் அனுப்பினாள். மகளிடமிருந்து அன்பான பதில் வந்தது: கேக்கில் இருக்கும் கரும்புப் பாகு அடிமைகள் ஆட்டியது என்பதால் சாப்பிட முடியவில்லை, மன்னிக்கவும்.

"சுட்ட அடுப்புக்கு விறகு வெட்டினவனும் அடிமைதான்" என்றான் சாத்ராக். "அதையும் சேத்து எழுதச் சொல்லு."

லவீனியாவுக்குச் சங்கத்தின்மேல் கோபமில்லை. தங்களைப் போன்றவர்களுக்காகத்தானே அவர்கள் கூட்டம் போடுகிறார்கள், அடி வாங்குகிறார்கள் என்பாள். 1856இல் சங்கம் நிதி திரட்டச் சந்தை நடத்துவதாக அறிந்து இரண்டு டாலர் அனுப்பினாள். வர்ஜீனியாவிலிருந்து அப்படி அனுப்புவது ஆபத்து. அதனால் பெர்சிஸ் பெயருக்கு அனுப்பினாள். பெர்சிஸ் பெருமையோடு கூட்டத்தில் எழுந்து, தெற்கே வாழும் தன் தாய் கொடுத்தது என்று அறிவித்தாள். தகப்பனார் எப்படி இருக்கிறார் என்று யாரோ நல்ல எண்ணத்தில் கேட்டார்கள். பெர்சிஸுக்குப் பொய் சொல்ல வராது.

அந்த இரண்டு டாலர் ஒரு கடிதத்தோடு திரும்பி வந்தது. லவீனியா அதை உரக்க வாசித்தாள். மனிதரை உடைமையாக வைத்திருப்பவரிடம் ஒரு சென்ட்கூடப் பெறுவதில்லை என்பது சங்கத்தின் விதி; தாங்கள் தங்கள் அடிமையை விடுதலை செய்தபின் நன்கொடையை மகிழ்ச்சியோடு ஏற்போம்.

"யோவ், உன்னை விடுதலை பண்ணச் சொல்றாங்க."

"பண்ணிட்டா பன்னிரண்டாம் மாசம் நான் எங்க இருப்பேன், நீ எங்க இருப்பேன்னு கேட்டு எழுது."

"அது விதியில இல்லையாம்."

"அப்ப அந்தப் பாவப் பணத்தை இப்படிக் குடு. தூண்டில் வாங்கிக்கறேன்."

அவள் சிரித்தாள். ஆனால் அந்தக் கடிதத்தை எரிக்காமல் மடித்து வேதப் புத்தகத்துக்குள் வைத்ததை அவன் பார்த்தான்.

1860 இறுதியில் லவீனியாவின் கால்கள் வீங்கின. கேக் தட்டைத் தலையில் தூக்க முடியவில்லை. படியேறினால் மூச்சு வாங்கியது. தான் போனபின் சாத்ராக் யாருடைய ஆளாவான் என்பது ஒன்றே அவளுடைய கவலை. முதலில் அவள் விடுதலைப் பத்திரத்தைப் பற்றித்தான் பேசினாள். உயிலில் விடுதலை எழுதிவிட்டால் அவன் பிலடெல்பியாவுக்கு மகளிடம் போய்விடலாம்.

"போனா திரும்பி வர முடியாது" என்றான் சாத்ராக்.

"திரும்பி வந்து என்ன செய்யப் போறே?"

"தேவாலயத்துக்குப் பின்னால ரெண்டு பேருக்கு இடம் வாங்கிப் போட்டோமே. உன்னை அங்க வெச்சுட்டு நான் எங்கயோ பனியில போய்ச் சாகணுமா? விடுதலைன்னு சொல்லி என்னை ஊரை விட்டுத் துரத்தறதுக்கா இருபத்திரண்டு வருஷம் இப்படி இருந்தோம்?"

லவீனியா மேசையில் போய் உட்கார்ந்தாள். ஒரு தாளில் வேறு விதமாக உயில் எழுதினாள். அடுப்பு, தட்டுகள், கட்டில், 'என் ஆள் சாத்ராக்', எல்லாம் மகள் பெர்சிஸுக்கு. இருவரும் அதைக் கொண்டுபோய் டாப்னியிடம் காட்டினார்கள். அவருக்குத் தலை நரைத்திருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்தார்.

"ரொம்ப ஒழுங்கா எழுதியிருக்கே லவீனியா. கிழிச்சுப் போட்டுடு."

"ஏன் துரை?"

"ரெண்டு வருஷம் முன்னாடி புதுச் சட்டம் வந்தாச்சு. கறுப்பு ஜனங்க இனிமே அடிமையை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமா வாங்கவும் முடியாது, உயில்ல வாங்கவும் முடியாது. ரத்த வாரிசுன்னு தானா வந்து சேந்தாத்தான் செல்லும். நீ உயில் எழுதினா இவன் உன் மகளுக்குப் போக மாட்டான். அரசாங்கத்துக்குப் போவான். ஏலம் விட்டுப் பள்ளிக்கூட நிதியில சேப்பாங்க. ஒண்ணுமே எழுதாமப் போய்ச் சேந்தேன்னா மகளுக்கு."

"நான் எதையும் ஒழுங்கு பண்ணாம செத்தா எல்லாம் ஒழுங்கா நடக்கும்."

"அப்படித்தான். ஒண்ணு மட்டும். கோர்ட்டு ஒரு தவணை குடுக்கும். அதுக்குள்ள உன் மகள், இவன் என் சொத்துதான்னு சத்தியம் பண்ணி எழுதி அனுப்பணும். அனுப்பலைன்னா ஏலந்தான்."

வெளியே வந்ததும் சாத்ராக் சொன்னான். "நமக்குப் படிப்பு சொல்லித் தரக்கூடாதுன்னு சட்டம். என்னை வித்துப் பள்ளிக்கூடம் நடத்தலாம்னும் சட்டம்." லவீனியா அவன் தோளைப் பிடித்துக்கொண்டு பாலம் வரை நடந்து, உயிலை நான்காகக் கிழித்து ஆற்றில் போட்டாள்.

1861 பிப்ரவரி 11 அன்று அவள் இறந்தாள். கோர்ட்டு ஜூன் 20 வரை தவணை கொடுத்தது. எழுதப் படிக்கத் தெரிந்த சைலஸ் மூலம் பெர்சிஸுக்கு விவரம் போயிற்று. மார்ச்சில் பதில் வந்தது. சைலஸ் கடையை உள்ளே தாழிட்டுக்கொண்டு தணிந்த குரலில் படித்தான். பெர்சிஸ் அம்மாவுக்காக இரண்டு பக்கம் அழுதிருந்தாள். மூன்றாம் பக்கத்தில், மனிதனை என் உடைமை என்று என் கையால் எழுத மாட்டேன், அதுவும் என் தகப்பனை. கடவுள் முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன். அப்பா, ஓடி வந்துவிடுங்கள், வழியெல்லாம் நம்மவர்கள் கதவு திறப்பார்கள் என்று இருந்தது.

"ஓடி வரணுமா?" என்றான் சாத்ராக். "முழங்காலை மடக்கவே எனக்குப் பாதி நாள் ஆகுது."

"அவ சொல்றதும் நியாயந்தானே அண்ணே."

"என்னடா நியாயம்? உங்கக்கா போனப்புறம் எனக்கு உரிமைக்காரி யாரு? இவதான். இவகிட்டேருந்து ஓடி இவகிட்டயே போகணுமா? பிடிச்சுக் குடுத்தாலும் இவகிட்டத்தான் குடுப்பாங்க."

சைலஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. சாத்ராக் சிரிக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, முடி வெட்டிக்கொள்ள வந்தவன்போல் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுறா. 'மகளே, உங்கம்மா இந்தப் பாவத்தை இருபத்திரண்டு வருஷம் சுமந்தா. அவளுக்கும் கடவுள் இருந்தார். நீ கொஞ்ச நாள் சுமக்க மாட்டியா? முன்ன மாதிரிக் கனம் இல்ல. நான் இளைச்சுட்டேன்.'"

அது ஏப்ரல் 8ஆம் தேதி தபாலில் சேர்ந்தது. அந்த வாரமே தெற்கே ஒரு துறைமுகக் கோட்டையில் பீரங்கி வெடித்து, வடக்குக்கும் தெற்குக்கும் போர் தொடங்கியது. அடுத்த வாரம் வர்ஜீனியா, தெற்கு மாநிலங்கள் பிரிந்து அமைத்த தனி நாட்டோடு சேர்ந்துகொண்டது. ஊரெல்லாம் புதுக் கொடி. மே மாதம் லவீனியா பெயருக்கு ஒரு அச்சிட்ட கடிதம் வந்தது. ஊர்ப் பெரியவர்களின் போர் உதவிக் குழு அனுப்பியது. 'அடிமை உரிமையாளர் அனைவருக்கும்: நம் எல்லோருடைய சொத்துக்கும் வடக்கிலிருந்து ஆபத்து வந்திருப்பதால், தாங்கள் இரண்டு கம்பளியும், மண் வேலைக்கு ஒரு ஆளும் கொடுத்து உதவ வேண்டும்.' வடக்கே அவள் பணத்தைத் திருப்பி அனுப்பினார்கள். தெற்கே கூப்பிட்டு அனுப்பினார்கள். இரண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரே விஷயம் லவீனியா யார் என்பதுதான். அவளோ இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

மகளின் பதில் வரவில்லை. சாத்ராக் தினமும் சைலஸின் கடைக்குப் போனான். ஜூன் முதல் தேதியோடு வடக்குக்கும் தெற்குக்கும் இடையே தபால் நின்றுவிட்டது என்று சைலஸ் சொன்னபோது, "அப்ப முந்தின நாளே போட்டிருப்பா" என்றான்.

ஜூன் 20 அன்று கோர்ட்டில் டாப்னி பெயரைக் கூப்பிட்டார். வாரிசு சார்பில் கடிதம் எதுவும் இல்லை. நீதிபதி குனிந்து, "நீ யாரோட ஆளு?" என்று கேட்டார். சாத்ராக் தகர டப்பாவிலிருந்து ஒரு சீட்டை எடுத்து நீட்டினான். 'சென்று திரும்ப அனுமதி. லவீனியா மேக்லின்.'

"இவ இறந்துட்டாளே."

"ஆமாங்கய்யா. ஆனா திரும்பச் சொல்லித்தான் எழுதியிருக்கா."

சிலர் சிரித்தார்கள். நீதிபதி விற்க உத்தரவிடவில்லை. போர்க்காலத்தில் 56 வயது ஆளை யார் வாங்குவார்கள்? வாரிசு வரும் வரை வருடா வருடம் வாடகைக்கு விட்டு, கூலியை உரிமைக்காரி பெயரில் சேர்த்து வைக்கச் சொன்னார். டாப்னி சாத்ராக்கின் கண்ணைப் பார்க்காமல் 100 டாலர் என்று மதிப்பு எழுதிக்கொண்டார்.

அடுத்த நான்கு வருடம் சாத்ராக் தெற்குப் படைக்காக ஊரைச் சுற்றிப் பதுங்குகுழி வெட்டினான். தன்னை விடுவிக்க வருகிறவர்கள் உள்ளே வராமலிருக்கத் தானே மண் அள்ளுகிறோம் என்று அவனுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஒரு சீட்டை எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் பின்னால் போய்விட்டு வருவான். காவலர்களில் யாரும் தேதி கேட்கவில்லை. இறந்தவளின் அனுமதியில் அவன் நான்கு வருடம் நடமாடினான்.

1865 ஏப்ரலில் வடக்குப் படை நகரத்துக்குள் வந்தது. நீலச் சட்டை போட்ட கறுப்புச் சிப்பாய் ஒருவன் பாலத்தில் அவனை நிறுத்தி, "எங்க போறீங்க பெரியவரே?" என்று கேட்டான். சாத்ராக்கின் கை தானாகவே சட்டைப் பைக்குள் போய் ஒரு சீட்டை எடுத்து நீட்டியது. சிப்பாய் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இனிமே இது வேணாம் தாத்தா. நீங்க யாருக்கும் சொந்தமில்ல."

"தெரியும் தம்பி. சும்மா பாரு. எழுத்து நல்லா இருக்கும்."

டாப்னி அவனைக் கூப்பிட்டனுப்பிக் கணக்குச் சொன்னார். நான்கு வருடக் கூலி 1,140 டாலர், தோற்றுப்போன நாட்டின் நோட்டில். "இதை உன்கிட்டக் குடுக்க முடியாது சாத்ராக். உன் மகள் வந்து கேட்டாத்தான் குடுக்கலாம்." அந்த நோட்டுக்கு ஒரு ரொட்டிகூட வாங்க முடியாது. இருந்தாலும் டாப்னி அதை நூலால் கட்டி உள்ளே பூட்டினார்.

கோடையில் தபால் மறுபடி ஓடத் தொடங்கியது. எங்கோ மூட்டைகளில் கிடந்த பழைய கடிதங்களும் வர ஆரம்பித்தன. ஒரு நாள் சைலஸ் பாதி சவரம் செய்த ஆளை நாற்காலியில் விட்டுவிட்டு, சாத்ராக்கின் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"அண்ணே, பெர்சிஸ் எழுத்து. போட்ட தேதி அறுபத்தொண்ணு மே இருபத்தொம்பது."

வாசற்படியில் உட்கார்ந்து சைலஸ் படித்தான். முதல் தாள் அரசு முத்திரையோடு இருந்தது. 'பெர்சிஸ் ஆகிய நான் கடவுள் முன்னிலையில் சத்தியம் செய்கிறேன். வர்ஜீனியா, பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள சாத்ராக் என் சட்டபூர்வமான சொத்து. அவர்மேல் வேறு எவருக்கும் எந்த உரிமையும் இல்லை.' அதற்குக் கையெழுத்திட்டுத் தர இந்த ஊரில் நல்லவர்கள் யாரும் சம்மதிக்கவில்லை, கடைசியில் அரசு முத்திரை போடும் உரிமம் வைத்திருந்த ஒரு பருத்தித் தரகர்தான் போட்டுத் தந்தார், சங்கத்திலிருந்து என் பெயரை அடித்துவிட்டார்கள், பரவாயில்லை என்று இரண்டாம் தாளில் இருந்தது. நீங்கள் சொன்னது போல் கனமில்லை அப்பா, ஆனால் இரண்டு தாளைக் கிழித்த பிறகுதான் எழுத முடிந்தது.

"அவ்வளவுதானா?"

"ஒரு சின்னச் சீட்டு இருக்குண்ணே." சைலஸ் அதைப் பிரித்தான். "'என் ஆள் சாத்ராக் பிலடெல்பியாவுக்கு வந்து, விரும்பும்போது திரும்ப அனுமதி.'"

சாத்ராக் அதைக் கையில் வாங்கினான். படிக்கத் தெரியாவிட்டாலும் எழுத்தின் சாய்வு அச்சாக லவீனியாவுடையது என்பது தெரிந்தது. தகர டப்பாவைத் திறந்து, மிச்சமிருந்த சீட்டுகளுக்கு மேலே வைக்கப் போனவன், வைக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"வடக்கே ரயில் எப்பக் கிளம்பும்?"

"எதுக்குண்ணே அந்த அனுமதிச் சீட்டு? இப்ப யாரும் கேக்க மாட்டாங்க."

"கேக்கலைன்னா நானே காட்டுவேன்" என்று சொல்லிவிட்டு அவன் தொப்பியை எடுக்க உள்ளே போனான்.

கடிதம் வந்து சேர்ந்த நாள்: 1865 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை.